ஐநூறு ரூபா கத்தி

அதைத் தொடாதீங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களைக் கொறையாச் சொல்லல. சாமி படத்துக்குக் கீழ இருக்கற வேற எதை வேணாலும் எடுத்துப் பாருங்க. ஸ்பேனரை எடுங்க, வெர்னியரை எடுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த மடக்குக் கத்தியை மட்டும் உட்டுருங்க. ஃபாரின் கத்தியாங்கறீங்களா? வர்றவங்க எல்லாருமே அதைத்தான் கேக்கறாங்க. அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுதுங்க.

உக்காருங்க. ஸ்டூல்ல எண்ணெய் இல்ல, இப்பத்தான் தொடைச்சேன். உங்க மாவு கிரைண்டர்ல ஷாஃப்டுக்கு ஒண்ணும் ஆகல, அதைத் தாங்கிச் சுத்த உடற புஷ்தான் தேஞ்சு போச்சு. அதான் கடகடன்னு சத்தம். கன்மெட்டல்ல புதுசா ஒண்ணு கடைஞ்சு போட்டுடறேன், சாங்காலமே நீங்க மாவு அரைக்கலாம். அன்னூர்ல இருந்தா வர்றீங்க? அங்க லேத்து இல்லீங்களா? ஆ, அப்படிச் சொல்லுங்க. ரங்கராசு லேத்துக்குப் போனா கம்மியா வாங்குவாருன்னு சொல்லி உட்டாங்களாக்கும். கணபதி ஏரியாவுல இந்த ஒரு சந்துல மட்டும் எத்தனை லேத்து இருக்குது, ஆனா அன்னூர் வரைக்கும் பேரு யாருக்கு இருக்குது பாருங்க.

கத்தி சமாச்சாரம் கேட்டீங்கல்ல. வேலை செஞ்சுட்டே சொல்றேன். லேத்து ஓடறப்ப சித்த சத்தமாப் பேசுவேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சீவல் தெறிக்கும்.

எனக்குப் பையன் இல்லீங்க. ஒரே பொண்ணு, சிந்துஜா. ரெண்டு லேத்து, ஒரு மில்லிங்கு, ஒரு கிரைண்டிங் மெஷினு, எல்லாம் நான் ஒண்ணொண்ணா வாங்கிப் போட்டது. எனக்குப் பொறவு இதையெல்லாம் யாரு பாக்கறது? அதுக்கோசரம்தான் நவநீதன் ஜாதகம் வந்தப்ப, பையன் மெக்கானிக்கல் படிச்சிருக்காருன்னு கேட்டதும் நான் வேற ஒண்ணுமே விசாரிக்கல. எங்கூட்டுக்காரி வசந்தாமணிதான் சொன்னா, படிச்சது மெக்கானிக்கல், பாக்கறது பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னு. இருந்துட்டுப் போகுது, படிச்ச படிப்பு எங்க போயிரும்னேன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே அவரு கடைக்கும் வந்தாரு. அந்த லேத்து மேல கைய வெச்சுட்டு, "இப்படி ஒரு வேலை செய்யோணும்னு எனக்கு நெம்ப நாளா ஆசைங்க மாமா"ன்னாரு. கல்யாணம் பொறவுதான் நடந்துச்சு, நான் பொண்ணை அந்த எடத்துலயே குடுத்துட்டேன்.

இந்த ஆடி நோம்பிக்கு ரெண்டு பேரையும் அழைச்சுட்டு வந்தோம். தலை ஆடி. சம்பந்தியும் வந்திருந்தாரு. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்திருக்கறப்ப கூரியர்ல ஒரு பெட்டி வந்துச்சு, வசந்தாமணி மிக்சிக்குச் சொல்லி வெச்சிருந்த ஜாரு. பெட்டியச் சுத்தியும் டேப்பு. கத்தி எங்க, கத்தி எங்கன்னு இவ தேடறா. மாப்ள பேன்ட் பாக்கெட்டுல இருந்து எடுத்தாரு பாருங்க. மடக்கினா உள்ளங்கைக்குள்ள அடங்கிரும், அவ்வளவுதான் இருக்குது. வெரலால ஒரு தட்டு, சளக்குன்னு நிமிந்துச்சு. கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு அவருக்கும் தெரியும், நல்ல ஊட்டுப் பையன். தரையில வெச்சாரு, இவ குனிஞ்சு எடுத்தா. டேப்பு மேல வெச்சாளோ இல்லையோ, பொளந்துக்கிச்சு.

நானும் எடுத்துப் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா வெச்சிருக்கலாம். "என்ன வெலை மாப்ள?"ன்னு கேட்டேன். அவரு தயங்கினாரு. சிந்து சன்னல் பக்கம் பாத்தா. "நாப்பதாயிரம் பக்கம் ஆச்சுங்க மாமா"ன்னாரு.

நாப்பதாயிரமுங்க. ஒரு மடக்குக் கத்தி. ஒரு பூசணிக்காயக் கூட பொளக்க முடியாது அதை வெச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, நெசமாலுமே வந்துருச்சு. சம்பந்தி முன்னாடியே சொல்லிட்டேன். "யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான் மாப்ள. இரும்புத் துண்டு ஒண்ணு, தகடு ரெண்டு, திருகாணி நாலு. என்ற கடைல ஐநூறு ரூபாய்க்கு இதை நான் செஞ்சு தருவேன்"னு. சம்பந்தி தொடையத் தட்டிட்டுச் சிரிச்சாரு. மாப்ள மூஞ்சி செவந்து போச்சு. ஆனா குரலை ஒசத்தல. "செஞ்சு குடுங்க மாமா"ன்னாரு. "குடுத்தா?"ன்னேன். "ஐநூறு ரூபாய்க்கு இதே மாதிரி செஞ்சு குடுத்துட்டீங்கன்னா, நான் வேலைய உட்டுட்டு வந்து உங்க கடைல உக்காந்துக்கறேன்"னாரு.

சிந்து அவரு கையைக் கிள்ளினா, நான் பாத்தேன். ஆனாச் சொன்ன சொல்லு சொன்னதுதானுங்களே. ஆயுத பூஜைக்குள்ளன்னு கெடு வெச்சுக்கிட்டோம். அளவு பாக்க வேணும்னு அவரு கத்திய டீப்பாய் மேல வெச்சுட்டு ஊருக்குப் போனாரு.

சித்த இருங்க, அளவு பாத்துக்கறேன். இன்னும் துளி எடுக்கோணும்.

எங்கூருக்காரங்களைப் பத்தித் தெரியுமில்லீங்க. எந்த மெஷினைக் கொண்டாந்து காட்டினாலும் கழட்டிப் பாத்துட்டு அதே மாதிரி செஞ்சுருவோம். எந்த நாட்டுச் சாமானா இருந்தாலும் சரி. நானும் அந்த நெனப்புலதான் கழட்டினேன். திருகாணியக் கழட்டினதும் உள்ள இருந்து கடுகாட்ட குண்டுங்க உருண்டு ஓடிருச்சு. கத்தி திரும்பற எடத்துக்கு பேரிங்குங்க, அத்தனூண்டு கத்திக்கு. நானும் வசந்தாமணியும் தரையில மண்டி போட்டு, காந்தத்தை வெச்சுத் தேடினோம். அப்பவே அவ சொன்னா, "வேண்டாமுங்க, தோத்துட்டேன்னு சொல்லிருங்க, மாப்ளகிட்டத் தோத்தா என்ன கொறைஞ்சு போகுது"ன்னு. அவளுக்கு இது எங்க புரியப் போகுது.

மொதக் கத்திக்கு, இரும்பு அறுக்கற பழைய பவர் ஹாக்ஸா பிளேடு எடுத்தேன். நல்ல ஸ்டீலுங்க அது. வெட்டிச்சு, வெட்டாம இல்ல. ஆனா விரிச்சா ஆடுது, மடக்கினா ஒரு பக்கமா ஒரசுது. அந்த ஃபாரின்காரன் செஞ்சதை மடக்கிப் பாத்தா ரெண்டு தகட்டுக்கும் நட்ட நடுவுல நிக்குது, இந்தப் பக்கம் எத்தனை சந்தோ அந்தப் பக்கமும் அத்தனை சந்து. சரின்னு அடுத்ததுல அதைச் சரி பண்ணினேன். பூட்டு நிக்கல. அந்தப் பூட்டு இருக்குதே, அதுதானுங்க என்னைச் சாகடிச்சுது. பூட்டுன்னு தனியா ஒரு சாமான் இல்ல. பிடித் தகட்டுலயே ஒரு பக்கம் நாக்காட்ட அறுத்து உட்டிருக்கான். கத்தி நிமிந்ததும் அந்த நாக்கு உள்ள வந்து கத்தியோட அடியைத் தாங்கிக்கும். சித்த அதிகமா வளைச்சா இறுகிப் போயி மடங்கவே மடங்காது. சித்த கொறைஞ்சா நழுவிரும். எனக்கு நழுவிருச்சு. இதா, இந்த வெரலைப் பாருங்க, தையல் போட்டது.

அதுக்குப் பொறவுதான் வெறி புடிச்சுது. அவன் போட்ட அதே டைட்டானியத்துலதான் பிடி போடறதுன்னு முடிவு பண்ணினேன். தெரிஞ்சவரு ஒருத்தரு, ஆஸ்பத்திரிக்கு எலும்புல வெக்கற பிளேட்டு செய்யறவரு, பழக்கத்துல ஒரு துண்டு குடுத்தாரு. காசு வாங்கல. கத்திக்கு நல்ல ஸ்டீலு, அச்சு செய்யற ஒரு டை கடைக்காரரு குடுத்தாரு, அதுவும் சும்மா. ஹீட் ட்ரீட்மென்ட்டு நம்ம கூட்டாளி அவரு ஃபர்னஸ்ல மத்த வேலையோட சேத்து வெச்சுக் குடுத்துட்டாரு. என்ற கைக்காசுன்னு போனது திருகாணி, பேரிங்கு, எமரி பேப்பரு, அவ்வளவுதான். ஐநூறு தாண்டலீங்க. அதுல நான் கறாரா இருந்தேன்.

வேலைதான் இழுத்துருச்சு. கடை தொறந்தா அதுதான், சாத்தற வரைக்கும் அதுதான். டைட்டானியம் சூடேறுச்சுன்னா டூலையே தின்னுரும். எத்தனை டூல் போச்சுன்னு கேக்காதீங்க, அதெல்லாம் கடைல கெடந்தது, அதைச் சேக்கக் கூடாது. வால்வு கம்பெனிக்காரங்க வருசக்கணக்கா எங்கிட்டத்தான் புஷ் கடையக் குடுத்துட்டிருந்தாங்க. லேட்டாகுது, லேட்டாகுதுன்னு ஃபோன் பண்ணிப் பாத்துட்டு வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. இத்தனை வருசத்துல ஒரு ரூபா ஏத்திக் கேட்டதில்லீங்க நானு. ஒரு மாசம் பொறுக்க மாட்டாங்களாம். மனுசங்களுக்கு நன்றின்னு ஒண்ணு எங்க இருக்குது.

ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. அந்த நாப்பதாயிரம் ரூபா கத்தியச் செஞ்சவன் தொழில் தெரிஞ்ச வேலைக்காரன். அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். தகட்டோட உள்பக்கம் இருக்குதில்ல, கழட்டினா ஒழிய கண்ணுல படாத எடம், அங்கயும் தேச்சு பாலிஷ் போட்டிருக்கான். எவன் கழட்டப் போறான்? இருந்தும் போட்டிருக்கான். ஒவ்வொரு ஓரத்தையும் வெரலுக்கு உறுத்தாம மழுக்கி உட்டிருக்கான். அதைப் பாத்த பொறவு நானும் உள்பக்கத்துக்குப் பாலிஷ் போட்டேன். பாத்துட்டு எப்படிங்க போடாம இருக்கறது? ஆனா அதுக்குன்னு நாப்பதாயிரமா? வேலை சுத்தமா இருக்கோணும்கறது வேலைக்காரனோட கடமைங்க. கடமைக்கெல்லாம் தனியா வெலை போட்டா உலகம் தாங்குமா?

ஆயுத பூஜைக்கு மொத நாளுதான் முடிஞ்சுது. மறுநாள் காலையில மாப்ளையும் சிந்துவும் வந்து எறங்கினாங்க. மெஷினெல்லாம் தொடைச்சு, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, பொரி கடலை பரப்பியாச்சு. சாமி படத்துக்கு முன்னால எலையில ரெண்டு கத்தியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். ரெண்டுக்கும் பொட்டு. மாப்ளைக்குக் கை துறுதுறுங்குது. ஆனா பூசையில வெச்ச சாமானை அன்னிக்குத் தொடக் கூடாதில்லீங்க, விஜயதசமிக்குத்தான் எடுக்கோணும். அன்னிக்குப் பூரா மனுசன் அந்த எலையவே சுத்திச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு பாக்கறாரு, தலையச் சாச்சுப் பாக்கறாரு, எது எதுன்னு அவருக்குத் தெரியல. எனக்குச் சந்தோசத்துல சோறே எறங்கலீங்க.

விஜயதசமி காலையில சாமி கும்பிட்டுட்டு எடுத்தோம். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் விரிச்சு விரிச்சு மடக்கினாரு. சணல் அறுத்தாரு, அட்டை அறுத்தாரு. கடைசியா ஒண்ணை எடுத்து மேசை மேல வெச்சு, "இதுதான் என்னோடதுங்க மாமா"ன்னாரு.

அது என்னுதுங்க. நான் செஞ்சது. இதா, நீங்க தொடப் போனீங்களே, இதேதான்.

ஜெயிச்சனா இல்லையா, நீங்களே சொல்லுங்க. வசந்தாமணி சக்கரைப் பொங்கலோட நிக்கறா. நான் மாப்ளையோட தோளைத் தட்டி, "எப்ப வர்றீங்க?"ன்னு கேக்கறேன். அவரு அந்தக் கத்தியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருந்தாரு. பொறவு கேக்கறாரு, "இது எவ்வளவுல முடிஞ்சுதுங்க மாமா?"ன்னு.

"ஐநூறு. ஒரு ரூபா தாண்டல."

"உங்க கூலி?"

"என்ற கடைல எனக்கு எதுக்கு மாப்ள கூலி? சும்மா இருந்த நேரத்துல செஞ்சது."

"நீங்க எப்பங்க மாமா சும்மா இருந்தீங்க?"ன்னாரு. டைட்டானியம் எப்படின்னாரு, பழக்கத்துலன்னேன். ஃபர்னஸ் எப்படின்னாரு, அதுவும் பழக்கம்னேன். வால்வு கம்பெனி போனது அவருக்குத் தெரிஞ்சிருக்குது, சிந்துகிட்ட வசந்தாமணி சொல்லியிருப்பா. "அப்ப இது ஐநூறு ரூபா கத்தி இல்லீங்க மாமா. நான் வாங்கினதை விட வெலை கூடின கத்தி. வேலையில நீங்க ஜெயிச்சுட்டீங்க, பந்தயத்துல ஜெயிக்கல"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நல்ல நாளும் அதுவுமா, "பேச்சு மாறாதீங்க மாப்ள"ன்னு கத்திட்டேன். அவரு அப்பவும் குரலை ஒசத்தல. அதுதானுங்க எனக்கு இன்னும் எரிச்சலு. "மாறல மாமா. நான் வர்றேன். ஆபீசுலயும் சொல்லி வெச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு. இந்தக் கத்திய நான் வாங்கிக்கறேன். இதுக்கு உண்டான வெலைய உங்க வாயால நீங்க சொல்லோணும், சொல்லி என்ற கையில இருந்து வாங்கோணும். அது உங்களால முடிஞ்சா இந்தக் கடைய நாம ரெண்டு பேரும் நடத்தலாம். முடியலேன்னா நான் இங்க வந்து என்ன பண்றது? உங்களோட சேந்து நானும் சும்மா இருந்த நேரத்துல செஞ்சுட்டிருப்பேன்."

"ஐநூறு குடுங்க"ன்னேன். தலைய ஆட்டினாரு, இல்லைன்னு.

ஏனுங்க, பொண்ணைக் கட்டிக் குடுத்தவன் மாப்ளைக்குச் செய்வானா, மாப்ளைகிட்டக் காசு வாங்குவானா? சம்பந்தி காதுக்குப் போனா என்ன நெனைப்பாரு? அதைச் சொன்னேன். அப்பத்தான் சிந்து வாயத் தொறந்தா. அதுவரைக்கும் பொரியக் கொறிச்சுட்டு அந்தப் படியில உக்காந்திருந்தா.

"மாப்ளைகிட்ட மட்டுமாப்பா நீங்க வாங்க மாட்டேங்கறீங்க?"ன்னா. "நான் சின்னப் புள்ளையில உங்களை ஊட்டுல பாத்ததே இல்லப்பா. ஞாயித்துக்கெழமையும் கடைதான். சோத்துப் போசியத் தூக்கிட்டு நான்தான் இங்க வந்து உங்களைப் பாப்பேன். கம்மியா வாங்கறதுனால அடுத்தவன் ஒரு நாள் செய்யற வேலைய நீங்க ரெண்டு நாள் செஞ்சீங்க. அந்த ஃபாரின் கத்தி செஞ்சவனுக்கும் ஒரு பொண்ணு இருக்கும்ப்பா. அவன் சாங்காலம் ஊட்டுக்குப் போயிருப்பான்."

அப்படிச் சொல்லிட்டாளுங்க. பெத்த பொண்ணு, நல்ல நாளுல. நான் யாருக்கோசரம் செஞ்சேன் இத்தனையும்? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. டூல் பெட்டிய எடுத்து வெக்கறாப்ல அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஊருக்குக் கெளம்பறப்ப மாப்ள அந்தக் கத்தியத் தொடைச்சு, மடக்கி, சாமி படத்துக்குக் கீழ வெச்சாரு. "வெலை சொல்றன்னிக்கு எடுத்துக்கறேன் மாமா, தீபாவளிக்கு வர்றோம்"னாரு. அன்னில இருந்து அது அங்கயேதான் இருக்குது. நானும் தொடறதில்ல. வசந்தாமணி டெய்லியும் கேக்கறா, ஒரு வார்த்தை சொன்னா என்ன, புள்ளைங்க பக்கத்துல வந்துருமேன்னு. வாயத் தொறந்தா ஐநூறுன்னுதானுங்க வருது. கண்ணாடி முன்னால நின்னு கூடச் சொல்லிப் பாத்துட்டேன். இப்ப தீபாவளி பக்கத்துல வந்துருச்சு.

என்னைச் சொல்ல வெக்கறதுல அவருக்கு என்னங்க அத்தனை பிடிவாதம்? சுளுவா வந்து உக்காந்துட்டுப் போக வேண்டியதுதானே. படிச்சவங்க சமாச்சாரமே இப்படித்தான், நேரா இருக்கறதைக் கோணலாக்கிருவாங்க.

இந்தாங்க, முடிஞ்சுது. ஷாஃப்டைப் போட்டுச் சுத்திப் பாருங்க. ஆடுதா? ஆடாது. உள்பக்கம் எண்ணெய் நிக்கறதுக்கு ஒரு காடி வெட்டி உட்டிருக்கேன், பழசுல அது கெடையாது. நீங்க கேக்கல, நானாத்தான் வெட்டினேன். மூணு வருசம் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல.

எவ்வளவா?

முன்னூறு குடுங்க.

என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? ஒண்ணும் இல்லையா? எனக்கு அப்படித் தெரிஞ்சுது. சரி, எரநூறு குடுங்க. மாவுக் கடையில உங்களுக்கும் என்ன மிஞ்சிரப் போகுது. உடுங்க, நூத்தம்பது போதும். அட, முன்னூறே தர்றேங்கறீங்களா? எதுக்குங்க, உள்ள வைங்க, அன்னூர்ல இருந்து பஸ்ஸுக்கு வேற செலவு பண்ணிட்டு வந்திருக்கீங்க. ஊருக்குப் போயி, ரங்கராசு லேத்துல கம்மியாத்தான் வாங்கினாருன்னு நாலு பேருகிட்டச் சொல்லுங்க, எனக்கு அது போதும்.